யாருக்கு நூறு வயது?

(மாலைக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பேச்சுமொழி சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



முதுமையைப் பற்றிப் பேச முப்பத்துச் சொச்சம் வயசுக்காரன் எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நானும் அமைப்பாளர்களிடம் அதைத்தான் கேட்டேன். "நீதான் பாங்குல பென்ஷன் கவுண்டர்ல உட்கார்ந்திருக்கே, தினமும் பார்க்கிறது கிழவன் கிழவிகளைத்தானே, பேசு" என்று சொல்லிவிட்டார்கள். சரி, பேசுகிறேன்.

பேச வந்ததற்கு உடனடிக் காரணம் ஒன்று இருக்கிறது. நம் தோழர்கள் வேலை செய்கிற சேரி ஒன்றில் நூறைத் தாண்டிய பாட்டி ஒருவர் இருக்கிறார். கலெக்டரை அழைத்துவந்து பாட்டிக்குப் பொன்னாடை போர்த்த வைக்க வேண்டும், பேப்பரில் போட்டோ வரவேண்டும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. அது அரசு ஆடும் நாடகம், அதற்கு நாம் மேடை போட்டுத் தரக்கூடாது என்று இன்னொரு தரப்பு. போன கூட்டத்தில் இது சண்டையாகவே ஆகிவிட்டது. இரண்டு தரப்பும் பொன்னாடையைப் பற்றியே பேசியது. அரசு எதற்காகக் கிழவர்களை வாழ்த்துகிறது, அந்த வாழ்த்து யார் வீட்டுக்குப் போகிறது, யார் வீட்டுக்குப் போகாது என்பதை யாரும் பேசவில்லை. அதைத்தான் இன்றைக்குக் கொஞ்சம் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

நூறு வயதுக்கு வாழ்த்து அனுப்பும் அரசு வழக்கத்தில் உலகம் முழுக்கத் தெரிந்தது இங்கிலாந்து அரண்மனையின் வழக்கம்தான். 1908-இல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் செயலாளர், நூறு வயதை எட்டிய பாதிரியார் ஒருவருக்கு மன்னர் சார்பில் ஒரு பாராட்டுக் கடிதம் எழுதினார். 1917-இல் ஐந்தாம் ஜார்ஜ் அதையே முறையாக்கினார். அந்த முதல் வருஷம் நூறு வயதை எட்டிய 24 பேருக்குத் தந்தி போனது. 1982-இல் அங்கே உள்நாட்டுத் தந்தி நின்றுபோன பிறகும் செய்தி போவது நிற்கவில்லை. இப்போது படம் போட்ட வாழ்த்து அட்டையாகத் தபாலில் போகிறது. நூறுக்கு ஒன்று, நூற்றைந்துக்கு ஒன்று, அதற்கப்புறம் வருஷா வருஷம் ஒன்று.

வருஷத்தைக் கவனியுங்கள் தோழர்களே. 1917. முதல் உலகப் போரில் ஐரோப்பாவின் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் பதுங்குகுழிகளில் செத்துக்கொண்டிருந்த வருஷம். இருபது வயதில் செத்தவன் வீட்டுக்கும் தந்தி போனது, நூறு வயது ஆனவர் வீட்டுக்கும் தந்தி போனது. அரசு என்பது இரண்டு தந்தியையும் அனுப்பக்கூடியது.

இந்த ஐந்தாம் ஜார்ஜ் நமக்கும் அறிமுகமானவர்தான். 1930 நவம்பர் 12-ஆம் தேதி லண்டனில் முதல் வட்டமேசை மாநாட்டைத் தொடங்கி வைத்தவர் இவர்தான். அந்த மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாகப் போனவர்கள் பாபாசாகேப் அம்பேத்கரும் நம் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும். மன்னர் கை நீட்டியபோது, நான் தீண்டத்தகாதவன், என் கையைத் தொடலாமா என்று தாத்தா கேட்டதாக நம்மிடையே வழிவழியாக ஒரு செய்தி சொல்லப்படுகிறது. பெரிய இடத்து மரியாதை கை நீட்டி வரும்போது, ஒரு நொடி நிறுத்தி, என் சனம் இருக்கும் நிலைமை தெரிந்துதான் கை நீட்டுகிறாயா என்று கேட்பது நம் மரபில் இருக்கிறது. பொன்னாடை விஷயத்திலும் நாம் செய்ய வேண்டியது அதுதான் என்பது என் எண்ணம். கையைத் தட்டிவிடவும் வேண்டாம். பல்லை இளித்துக்கொண்டு ஓடவும் வேண்டாம்.

சரி, அரண்மனைக்கு எப்படித் தெரிகிறது இன்னாருக்கு இன்றைக்கு நூறு வயது என்று? இங்கேதான் விஷயம் இருக்கிறது. அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்களின் பிறந்த தேதி ஓய்வூதியத் துறையிடம் இருக்கிறது. நூறு நெருங்கும்போது அந்தத் துறை அரண்மனைக்குத் தகவல் கொடுத்துவிடுகிறது. ஓய்வூதியக் கணக்கில் இல்லாதவர்களுக்குக் குடும்பத்தார் விண்ணப்பிக்க வேண்டும். ஆக, வாழ்த்து அட்டை என்பது கடைசியில் வரும் பூ. அதற்கு முன்னால் பிறப்புப் பதிவு, அதன் மேல் ஓய்வூதியப் பதிவு என்று ஒரு செடியே வளர்ந்திருக்கிறது. மன்னரின் செயலாளர் பாதிரியாருக்குக் கடிதம் எழுதிய அதே 1908-இல்தான் பிரிட்டனில் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தது. 1909 ஜனவரி 1 முதல் எழுபது வயதைக் கடந்த ஏழைகளுக்கு வாரம் 5 ஷில்லிங். அதிலும் நன்னடத்தை, வருமானம் என்று ஏகப்பட்ட நிபந்தனைகள்.

அப்போது அயர்லாந்தில் ஒரு சிக்கல் வந்தது. அங்கே எல்லோருக்குமான பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது. எழுபது வயதுக்காரர்களிடம் பிறப்புச் சான்று எப்படி இருக்கும்? 1839 ஜனவரி 6-ஆம் தேதி ராத்திரி அயர்லாந்தையே புரட்டிப் போட்ட ஒரு புயல் அடித்தது. "பெருங்காற்று ராத்திரி" என்று மக்கள் அதை நினைவில் வைத்திருந்தார்கள். அந்த ராத்திரி உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டு, அதை வயதுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். குடியானவனின் ஞாபகத்தை, வேறு வழியில்லாமல்தான், அரசு ஆவணமாக ஏற்றுக்கொண்டது.

இன்னொரு கரையிலிருந்து ஒரு உதாரணம். அமெரிக்கக் கறுப்பின விடுதலைப் போராளி ஃபிரெடரிக் டக்ளஸ், 1845-இல் வெளியான தன்வரலாற்றின் தொடக்கத்திலேயே தனக்குத் தன் வயது திட்டமாகத் தெரியாது என்று எழுதினார். அடிமைக்குப் பிறந்த நாளை யார் குறித்து வைப்பார்கள்? பின்னாளில் பிப்ரவரி 14-ஐத் தன் பிறந்த நாளாக அவரே தேர்ந்தெடுத்துக்கொண்டார். பிறந்த நாள் தெரியாமல் இருப்பதை அவர் தன்னிடமிருந்து களவாடப்பட்ட பொருளாகப் பார்த்தார்.

நம்ம கதை என்ன? ஊரில் யார் செத்தாலும் நாலு ஊருக்கு நடந்துபோய்ச் சாவுச்சேதி சொன்னது நம்ம தாத்தா. பறையடித்தது நம்ம தாத்தா. குழி வெட்டியது நம்ம தாத்தா. ஊரின் அத்தனை சாவுக்கும் சாட்சியாக நின்ற அந்த மனுஷன் பிறந்த சேதியை எழுதி வைத்தது யார்? ஜாதகம் எழுதுகிற பழக்கம் நம் தெருவுக்கு வரவில்லை. 1969-இல் வந்த பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்துக்கு முன்னால் பிறந்தவர்களில் நம் ஆட்களுக்குக் காகிதம் கிடையாது என்றே சொல்லலாம். பள்ளிக்கூடம் போனவனுக்கு வாத்தியார், கையைத் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்லி ஒரு ஜூன் மாசத்துத் தேதியைப் போட்டார். போகாதவனுக்கு அதுவும் இல்லை.

நான் வேலை பார்த்த கிளை ஒன்றில் சில வருஷத்துக்கு முன்னால் நடந்தது. தஞ்சைப் பக்கத்து ஆயா ஒருவர், மகளோடு வந்து டவுனில் தங்கியிருந்தவர், பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வந்து, "ஓ.ஏ.பி. பணம் ஏறியிருக்கா பாருப்பா" என்றார். ஏறவில்லை. ஏறாது. அவருடைய மனுவையே ஓர் அலுவலகம் வயது போதாது என்று திருப்பியிருந்தது. ஆதாரில் பிறந்த வருஷம் 1964. தேதி ஜனவரி 1. தேதி தெரியாதவர்கள் எல்லோரும் அந்தத் தேதியில்தானே பிறந்திருக்கிறோம்.

"உங்களுக்கு என்ன வயசு ஆயா?" என்றேன்.

"யாரு கண்டா. வெண்மணியில குடிசையோட வச்சிக் கொளுத்துனாங்கள்ல, அப்ப எம் மூத்தவன் நடக்கப் பழகிட்டிருந்தான்" என்றார்.

கீழ்வெண்மணி, 1968 டிசம்பர் 25. 44 பேர். ஆதார் கணக்குப்படி அன்றைக்கு இந்த ஆயாவுக்கு நான்கு வயது. நான்கு வயதுப் பிள்ளைக்கு நடக்கப் பழகும் மகன்! நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குறைத்துப் போட்டாலும் எழுபதைத் தாண்டியவர். அரசின் கணக்கில் ஐம்பத்தைந்து. ரேகை வைக்கச் சொன்னால் மிஷின் எடுக்கவில்லை. நாற்று நட்டு நட்டுத் தேய்ந்துபோன விரல். வயதை நிரூபிக்க வேண்டிய விரல் வயதாகிவிட்டதாலேயே தள்ளுபடி ஆகிறது.

அயர்லாந்துக்காரனுக்குக் காற்றடித்த ராத்திரி சான்றாயிற்று. நம் ஆயாவுக்கு வெண்மணி எரிந்த ராத்திரி சான்றாகவில்லை. தெற்கே போனால் முதுகுளத்தூர்க் கலவரத்தை, இம்மானுவேல் சேகரன் கொலையுண்ட 1957-ஐ வைத்து வயது சொல்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். நம் சனத்தின் காலண்டரில் திருவிழா கொஞ்சம், தீ வைப்பு அதிகம். ஆனாலும் அது காலண்டர்தான்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதையும் நேர்மையாகப் பேச வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் நூறும் அதற்கு மேலும் வயதுடையவர்கள் 6 லட்சத்துக்கும் மேல் என்று வந்தது. மனிதர்கள் நீண்ட காலம் வாழ்வதற்குப் பேர்போன ஜப்பானில் அந்த வருஷம் நூறைத் தாண்டியவர்கள் 50 ஆயிரத்தை எட்டவில்லை. ஜனத்தொகை வேறுபாட்டைக் கழித்துப் பார்த்தாலும் இங்கே இருக்கிற ஆஸ்பத்திரியையும் சோற்றையும் வைத்துப் பார்த்தால் அந்த எண்ணை நம்ப முடியுமா? பதிவு இல்லாத இடத்தில் வயது இரண்டு பக்கமும் ஓடும். ஒருத்தருக்கு இருபது வயது குறையும், இன்னொருத்தருக்கு இருபது கூடும். நம் பாட்டிக்கு நூறு என்று நாம் சொல்கிறோம், ஆதார் 91 என்கிறது. இரண்டுமே தப்பாக இருக்கலாம். இதை நாமே கேட்டுக்கொள்ளாவிட்டால் எதிராளி கேட்பான்.

ஜப்பானைப் பற்றிச் சொன்னேன். அங்கே 1963-இலிருந்து, நூறு வயதை எட்டுகிறவர்களுக்குப் பிரதமர் பெயரில் வாழ்த்துக் கடிதமும் வெள்ளிக் கிண்ணம் ஒன்றும் தருகிறார்கள். முதல் வருஷம் நாட்டிலேயே நூறைத் தாண்டியவர்கள் 153 பேர். 2024-இல் 95 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. செலவு தாங்காமல் 2016-இல் முழு வெள்ளியை விட்டுவிட்டு வெள்ளி முலாம் பூசிய கிண்ணத்துக்கு மாறினார்கள். கிழவர்கள் கொஞ்சம் பேராக இருக்கும்வரைதான் மரியாதை வெள்ளியில் வரும்.

2010-இல் அங்கே ஒரு சம்பவம். டோக்கியோவிலேயே வயதான ஆண் என்று கருதப்பட்டவரை 111 வயதுக்காகப் பாராட்ட அதிகாரிகள் தேடிப்போனார்கள். வீட்டில் இருந்தது முப்பது வருஷத்துக்கு முன்பே செத்துப்போனவரின் உலர்ந்த உடல். ஓய்வூதியம் மட்டும் உயிரோடு வந்துகொண்டிருந்தது. அதன் பிறகு தேடிப் பார்த்ததில், குடும்பப் பதிவேடுகளில் உயிரோடிருப்பதாக எழுதப்பட்டு, எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாத நூறு வயதுக்காரர்கள் 2 லட்சத்து 34 ஆயிரம் பேர் என்று அரசே அறிவித்தது. இவ்வளவுக்கும் அது பதிவேட்டுக்குப் பேர்போன தேசம்.

அந்தக் குடும்பப் பதிவேட்டுக்கு இன்னொரு முகம் உண்டு. நாம் மறக்கக்கூடாத முகம். ஜப்பானில் புராகுமின் என்ற மக்கள் இருக்கிறார்கள். தோல் பதனிடுவது, செத்த மாடு அறுப்பது, பிணம் எடுப்பது என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள். கேட்கும்போதே நம்ம தெரு ஞாபகத்துக்கு வரும். 1871-இல் அவர்களுக்கு விடுதலை ஆணை வந்தது. அடுத்த வருஷமே எடுத்த குடும்பப் பதிவேட்டில் பல இடங்களில் அவர்களை மட்டும் "புதுக் குடிமக்கள்" என்று அடையாளம் வைத்து எழுதினார்கள். கல்யாணத்துக்கும் வேலைக்கும் முன்னால் அந்தப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து ஆளை ஒதுக்கினார்கள். அந்த மக்களின் போராட்டத்துக்குப் பிறகு 1968-இல்தான் அதைப் பொதுப் பார்வையிலிருந்து மூடினார்கள். அப்படியும் 1975-இல், எந்தெந்த ஊர் புராகுமின் ஊர் என்று அச்சடித்த பட்டியலைக் கம்பெனிகள் இரகசியமாக விலைக்கு வாங்கியது அம்பலமானது.

ஆக, வெள்ளிக் கிண்ணம் கொடுப்பதற்கு எந்தப் பதிவேடு வழி சொல்கிறதோ, அதே பதிவேடுதான் சாதியையும் காட்டிக் கொடுத்தது. பதிவேட்டில் இல்லாவிட்டால் நாம் இல்லை. இருந்தால் எப்படி எழுதப்பட்டிருக்கிறோம், யார் கையில் இருக்கிறோம் என்ற கேள்வி வருகிறது. இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகத்தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 2022 அக்டோபர் 1, முதியோர் தினத்தன்று தலைமைத் தேர்தல் ஆணையர் நூறைத் தாண்டிய வாக்காளர்களுக்குக் கடிதம் எழுதினார். இரண்டரை லட்சம் பேருக்கு மேல். ஜனநாயகத்தில் தொடர்ந்து பங்கெடுத்ததற்கு நன்றி என்பது சாரம். நல்ல விஷயம். நான் கேலி செய்யவில்லை. இங்கிலாந்து மன்னர் வயதுக்காக வாழ்த்துகிறார். இந்தியாவில் ஓட்டுக்காக நன்றி வந்தது. அது ஒருபடி மேல்தான். ஆனால் அந்தக் கடிதம் நம் தெருக் கிழவி கைக்கு வந்தால் அவர் ஞாபகத்தில் என்னென்ன ஓடும்? வெள்ளைக்காரன் காலத்தில் சொத்து இருக்கிறவனுக்குத்தான் ஓட்டு. முதல் ஓட்டு 1952-இல். அதற்கப்புறம் ஓட்டுச்சாவடிக்குப் போகாதே என்று மிரட்டிய தேர்தல்கள் எத்தனை? பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஊராட்சித் தலைவர் பதவியைத் தனித்தொகுதி ஆக்கியதற்காக 1996 முதல் 2006 வரை தேர்தலே நடத்தவிடவில்லை. மேலவளவில் ஜெயித்து வந்த முருகேசனையும் உடனிருந்தவர்களையும், ஆறு பேரை, 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொன்றார்கள். ஓட்டுப் போட்டதற்கு நன்றி என்றால், இந்த விலைக்கும் சேர்த்துத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

பாங்குக்காரன் என்பதால் பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு 80 வயதில் அடிப்படை ஓய்வூதியம் 20 சதவீதம் கூடும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50. நூறு வயதில் 100 சதவீதம், அதாவது இரட்டிப்பு. இதுவும் பிறந்தநாள் வாழ்த்துதான், ரொக்கமாக வருகிற வாழ்த்து. முதியோருக்கு மருந்துச் செலவு கூடும் என்கிற நியாயம் அதில் இருக்கிறது. அதே நியாயத்தை நாற்று நட்டவளுக்கு அளந்து பாருங்கள். தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வரை மாதம் 200 ரூபாய். 2007-இலிருந்து அதே 200. எண்பதுக்கு மேல் 500. மாநில அரசு சேர்த்துத் தருவதால் தமிழ்நாட்டில் 2023-இலிருந்து 1,200. நூறு வயது ஆனாலும் அங்கே இரட்டிப்பு கிடையாது. அதை வாங்கவும் "ஆதரவற்றவர்" என்று நிரூபிக்க வேண்டும். மகன் இருக்கானே என்பார்கள். மகன் இருக்கிறான், அவனும் கூலிக்குத்தான் போகிறான்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி. அந்த வயசு வரைக்கும் உயிரோடு இருக்க விடுகிறார்களா? வட இந்தியாவிலும் அதைச் சுற்றியுமுள்ள ஒன்பது மாநிலங்களின் தகவல்களை வைத்து 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாடு அதில் இல்லை. மேல்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் எதிர்பார்ப்பு 3 வருஷத்துக்கு மேல் குறைவு. பழங்குடியினருக்கு 4 வருஷத்துக்கு மேல் குறைவு. ஏழை என்பதால்தானே என்று கேட்பீர்கள். வசதி வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்தாலும் இந்த இடைவெளியில் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது என்கிறது ஆய்வு. மிச்சத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் வீட்டுக்கும் அரசின் கடிதம் வராமல் இல்லை. பாதாளச் சாக்கடையில் இறங்கி மூச்சு முட்டிச் செத்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. போராடிப் பெற்ற தீர்ப்புகள் அவை, குறை சொல்லவில்லை. ஆனால் ஒருத்தருக்கு நூறாவது வயதில் கடிதம் வருகிறது, இன்னொருத்தருக்கு இருபத்தைந்தாவது வயதில் காசோலை வருகிறது. அதுவும் அவருக்கு இல்லை, அவர் பெண்டாட்டிக்கு.

ஆகவே தோழர்களே, பாட்டிக்குப் பொன்னாடை வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். வேண்டும். சேரித் தெருவில் கலெக்டர் கால் வைத்து, நம் கிழவியின் முன்னால் குனிந்து நிற்பது சின்ன விஷயமில்லை. அந்தப் பாட்டிக்கு அது சந்தோஷம் தரும் என்றால், நம் கோட்பாட்டுக்காக அந்தச் சந்தோஷத்தைப் பறிக்க நாம் யார்? போய் அவரையே கேளுங்கள். போன கூட்டத்தில் இரண்டு தரப்பும் அவரைக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் கலெக்டர் வருகிற நாளுக்குள் நாம் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டுப் போடுவோம். அறுபதைத் தொட்டவர்கள் எல்லோர் பெயரும் அதில் வரட்டும். ஆதாரில் என்ன வயசு, அவர்கள் ஞாபகத்தில் என்ன வயசு, எதை வைத்துச் சொல்கிறார்கள் என்று எழுதுவோம். வெண்மணியா, புயலா, முதல் ஓட்டா, மூத்த பிள்ளையின் பள்ளிச் சான்றா? மூத்த பிள்ளையின் சான்றிதழில் வருஷம் இருந்தால் அம்மாவின் குறைந்தபட்ச வயது அதிலேயே தெரிந்துவிடும். கூட்டியும் எழுத வேண்டாம், குறைத்தும் எழுத வேண்டாம். பொய்யான நூறு ஒன்று அகப்பட்டால் உண்மையான எழுபது பத்து தள்ளுபடியாகும்.

ஆதாரில் இப்படித்தான் இருக்கிறது என்று வாயை அடைத்தால், ஆதார் வயதுக்குச் சான்றாகாது என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதை எடுத்துக் காட்டுங்கள். அரசு மருத்துவரிடம் வயதுச் சான்று கேளுங்கள். மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். அந்த நோட்டு நம் கையில் இருக்கட்டும். எவனுக்கும் நகல் எடுத்துக் கொடுக்க வேண்டாம். ஜப்பான்காரன் கதையை அதற்காகத்தான் சொன்னேன்.

கலெக்டர் வந்து பொன்னாடை போர்த்தி முடித்ததும், அந்தத் தெருவில் வயது திருத்தப்பட வேண்டியவர்கள், உதவித்தொகை மறுக்கப்பட்டவர்களின் பட்டியலைப் பாட்டி கையாலேயே அவரிடம் கொடுக்கச் சொல்லுவோம். போட்டோ எடுக்கிறவர்கள் அதையும் சேர்த்து எடுக்கட்டும்.

மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்டு முடிக்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் பாட்டியிடம் அவர் எப்போது பிறந்தார் என்று கேளுங்கள். தெரியாது என்பார். விடாதீர்கள். உனக்கு ஞாபகம் இருக்கிற முதல் பெரிய சம்பவம் எது என்று கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். அவர் வயது வரும், அதோடு நம் வரலாறும் வரும். மற்றதை விவாதத்தில் பேசுவோம்.